அப்டேட்: காத்திருப்பதா, நாமே ஏற்றுவதா?

கேள்வி: என்னிடமும் நண்பரிடமும் ஒரே மாடல் போன். அவருக்குப் புதிய ஆண்ட்ராய்டு வந்து பத்து நாளாகிறது, எனக்கு வரவில்லை. 'கூகுள் சர்வீசஸ் ஃப்ரேம்வொர்க்' டேட்டாவை அழித்தால் உடனே வரும் என்கிறார்களே?

பதில்: அழிக்காதீர்கள். புது அப்டேட்டை எல்லோருக்கும் ஒரே நாளில் திறந்துவிட மாட்டார்கள். முதலில் சிறு பங்கு போன்களுக்கு அனுப்பி, தானாக ரீஸ்டார்ட் ஆகிறதா, பேட்டரி இறங்குகிறதா என்று பார்த்துத்தான் அடுத்த பங்குக்குத் திறப்பார்கள். குறை தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். பின்வரிசையில் இருப்பவருக்கு இது பாதுகாப்பு. நீங்கள் சொல்லும் டேட்டாவை அழித்தால், கூகுளிடம் உங்கள் போனுக்கு இருக்கும் அடையாள எண் மாறிவிடும். அதை நம்பி இயங்கும் ஆப்களின் நோட்டிஃபிகேஷன்கள் வராமல் போகலாம்.

இருவர் போனிலும் 'அபவுட் போன்' பகுதியைத் திறந்து மாடல் எண்ணை முழுவதுமாக ஒப்பிடுங்கள். பெட்டியில் ஒரே பெயர் இருந்தாலும் கடைசி எழுத்து வேறானால் அது வேறு நாட்டுக்கான போனாக இருக்கலாம். அதற்கான அப்டேட் தனியாக வரும்.

கேள்வி: அப்டேட் கோப்பை இறக்கி நானே ஏற்றினால் அது அதிகாரபூர்வமற்றது ஆகிவிடுமா? டேட்டா போய்விடுமா?

பதில்: யார் ஏற்றுகிறார் என்பது முக்கியமில்லை. கோப்பில் யாருடைய டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறது என்பதே கேள்வி. தயாரிப்பாளர் கையெழுத்திட்ட ஓடிஏ (நெட் வழியே போனுக்கு வரும் அப்டேட்) கோப்பை ஏற்ற, போன் தொடங்கும்போது மென்பொருளைச் சரிபார்க்கும் பூட்லோடரைத் திறக்கத் தேவையில்லை, டேட்டாவும் அழியாது. கையெழுத்து பொருந்தாவிட்டால் போனே மறுத்துவிடும்.

பிக்சல் போன்களுக்கு முழு ஓடிஏ கோப்புகளைக் கூகுளே தன் தளத்தில் தருகிறது. சிறிய 'இன்க்ரிமென்டல்' கோப்பு ஒரு குறிப்பிட்ட பழைய பதிப்பின் மேல்தான் உட்காரும். முழுக் கோப்புக்கு அந்தத் தொல்லை இல்லை. இறக்கியதும் அதன் எஸ்ஹெச்ஏ-256 எண்ணை (கோப்பு மாறவில்லை என்று காட்டும் கைரேகை போன்றது) தளத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். பேக்கப் எடுங்கள், பேட்டரி பாதிக்கு மேல் இருக்கட்டும்.

'அபவுட் போன்' பகுதியில் 'பில்டு நம்பர்' மீது 7 முறை தட்டி டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்து, யுஎஸ்பி டீபக்கிங்கை இயக்குங்கள். ஏடிபி (கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை தரும் கருவி) உள்ள கணினியோடு இணைத்து, போனை ரிக்கவரிக்கு (ஆண்ட்ராய்டு திறக்காமலே போனைச் சீர்செய்யும் தனிப் பகுதி) கொண்டுபோங்கள். 'நோ கமாண்ட்' என்று வந்தால் பயப்பட வேண்டாம். பவர் பட்டனை அழுத்திப் பிடித்தபடி வால்யூம் அப்பை ஒருமுறை தட்டினால் மெனு வரும். அதில் 'அப்ளை அப்டேட் ஃப்ரம் ஏடிபி'யைத் தேர்ந்தெடுத்து, கணினியில் 'ஏடிபி சைட்லோடு' கட்டளையோடு கோப்பின் பெயரைக் கொடுங்கள்.

பலர் தவறுவது இங்கேதான். கணினியில் பெரும்பாலும் 47 சதவீதத்தில் எண் நின்றுவிடும். கெட்டுவிட்டது என்று கேபிளைப் பிடுங்கிவிடுவார்கள். அந்த எண்ணை நம்பாதீர்கள், போன் திரையில் முடிந்ததாக வரும்வரை கேபிளைத் தொடாதீர்கள். ஏ/பி பகிர்வு (மென்பொருளுக்கு இரண்டு தனிப் பகுதிகள்) உள்ள போன்களில் புதிய பதிப்பு மறு பகுதியில்தான் எழுதப்படும். அது பூட் ஆகாவிட்டால் போன் பழைய பகுதிக்குத் திரும்பிவிடும். இப்போது இருப்பதைவிடப் பழைய கோப்பைக் கொடுத்தால் ரிக்கவரி ஏற்காது.

சாம்சங்கில் வழி வேறு: ஓடின் என்ற விண்டோஸ் கருவி. அதில் சிஎஸ்சி (நாடு, நெட்வொர்க் அமைப்புகள்) கட்டத்தில் 'ஹோம் சிஎஸ்சி' கோப்பை வைத்தால் டேட்டா இருக்கும், வெறும் 'சிஎஸ்சி' வைத்தால் போன் துடைக்கப்பட்டுவிடும்.

கேள்வி: என் போனுக்கு அப்டேட் தருவதைத் தயாரிப்பாளர் நிறுத்திவிட்டார். கஸ்டம் ரோம் போடலாமா?

பதில்: காத்திருக்க எதுவுமே இல்லாத இந்த நிலையில்தான் கஸ்டம் ரோமுக்கு (தயாரிப்பாளர் அல்லாதவர் உருவாக்கிய ஆண்ட்ராய்டு) நியாயம் இருக்கிறது. ஆனால் இழப்புகளை எண்ணிப் பார்த்துவிட்டு இறங்குங்கள். பூட்லோடரைத் திறந்ததும் போனில் உள்ளவை எல்லாம் அழியும். போனின் மென்பொருள் மாற்றப்பட்டதா என்று பார்க்கும் கூகுளின் ப்ளே இன்டெக்ரிட்டி சோதனையில் போன் தேறாமல் வங்கி, பணப்பரிமாற்ற ஆப்கள் இயங்க மறுக்கலாம். பல போன்களில் வைட்வைன் (வீடியோ நகல் பாதுகாப்பு) நிலை எல்1-லிருந்து எல்3-க்கு இறங்கி, ஸ்ட்ரீமிங் வீடியோ ஹெச்டியில் வராது. சாம்சங்கில் நாக்ஸ் ஃப்யூஸ் (மென்பொருள் மாற்றப்பட்டதைப் பதிந்துவிடும் உள் அடையாளம்) ஒருமுறை எரிந்தால் எரிந்ததுதான். பழைய மென்பொருளுக்குத் திரும்பினாலும், கோப்புகளைத் தனியே பூட்டி வைக்கும் செக்யூர் ஃபோல்டர் திரும்பாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ரோம் புதுப்பிப்பது ஆண்ட்ராய்டு பகுதியைத்தான். மோடம், சிப் தொடர்பான மூடிய மென்பொருளுக்குத் தயாரிப்பாளர் கடைசியாகத் தந்த பேட்சே (பாதுகாப்புத் திருத்தம்) நிற்கும். லீனியேஜ்ஓஎஸ் என்ற கஸ்டம் ரோம் இந்த 'வெண்டார் பேட்ச்' தேதியைத் தனியாகவே காட்டுகிறது. அதைப் பார்க்காமல் 'இந்த மாதப் பேட்ச் வந்துவிட்டது' என்று நிம்மதி கொள்ளாதீர்கள்.

லீனியேஜ்ஓஎஸ் பட்டியலில் உங்கள் மாடலின் குறிப்பெயர் அப்படியே இருக்க வேண்டும், அண்மைத் தேதியில் பில்டும் வந்திருக்க வேண்டும். எந்தப் பதிப்பு ஃபர்ம்வேர் மேல் போட வேண்டும் என்று அங்கே எழுதியிருந்தால் அதே பதிப்புக்கு முதலில் போங்கள். ஐஎம்இஐ விவரம் தங்கும் ஈஎஃப்எஸ் பகுதியை, உங்கள் போனில் வழி இருந்தால், முதலிலேயே நகலெடுத்துக் கணினியில் வையுங்கள். ரோம் போட்ட பிறகு பூட்லோடரைத் திரும்பப் பூட்டாதீர்கள். தயாரிப்பாளர் அல்லாதவரின் கையெழுத்தைப் பூட்டிய பூட்லோடர் ஏற்காமல் போன் பூட் ஆகாமல் நின்றுவிடலாம். பூட்டுவதானால் அசல் மென்பொருளை முழுமையாக ஏற்றிய பிறகே.

வங்கி ஆப் உள்ள ஒரே போனில் இதைச் செய்ய வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

கேள்வி: ஐபோனில்?

பதில்: ஆப்பிள் அந்த நேரத்தில் கையெழுத்திடும் பதிப்பைத் தவிர வேறு எதுவும் ஏறாது. கணினி வழியாகச் செய்யும்போது 'அப்டேட்' டேட்டாவை வைத்திருக்கும், 'ரீஸ்டோர்' அழித்துவிடும். பீட்டாவுக்கு (சோதனைப் பதிப்பு) போகும் முன் கணினியில் ஒரு பேக்கப் எடுத்துத் தனியே வையுங்கள்; பீட்டாவில் எடுத்த பேக்கப் பழைய பதிப்பில் ஏறாது.

கேள்வி: அப்டேட்டுக்குப் பிறகு லோகோவிலேயே நிற்கிறது.

பதில்: பெரிய அப்டேட்டுக்குப் பின் முதல் பூட் நேரம் எடுக்கும், 15 நிமிடம் விடுங்கள். பிறகும் அப்படியே இருந்தால் பவர் பட்டனை நீண்ட நேரம் அழுத்திப் பிடித்து (சாம்சங்கில் வால்யூம் டவுனையும் சேர்த்து) மறுதொடக்கம் செய்யுங்கள். ரிக்கவரி திறக்கிறது என்றால் அதே முழு ஓடிஏவை மீண்டும் சைட்லோடு செய்து பாருங்கள், ஃபேக்டரி ரீசெட் கடைசி வழி. திரையே வராமல், கணினியில் 'குவால்காம் 9008' என்று மட்டும் தெரிந்தால் அது ஈடிஎல், அதாவது குவால்காம் சிப்பின் அவசர மீட்பு நிலை. பல போன்களில் அதை மீட்கத் தயாரிப்பாளரின் கையெழுத்திட்ட கோப்பு வேண்டும் என்பதால் சர்வீஸ் சென்டருக்கே கொண்டுபோங்கள்.