எஃப்ஜிஎஃப்ஆர்3 பாசிட்டிவ் என்றால் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வேகமாகப் பரவும் என்று அர்த்தமா?

இல்லை. பெரும்பாலும் நேர்மாறு. எஃப்ஜிஎஃப்ஆர்3 என்ற மரபணுவில் மாற்றம் இருக்கிறது என்பதுதான் இந்தப் 'பாசிட்டிவ்'. வீட்டில் யாருக்கோ ரிப்போர்ட் வந்து, 'பாசிட்டிவ்' என்று பார்த்ததும் பதறிப்போய்க் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டிலும் இதே கூத்துதான்.

பெரியப்பாவுக்குச் சிறுநீரில் ரத்தம் வந்தது, வலி இல்லை. "உடம்புச் சூடு" என்று இளநீர் குடித்தே கொஞ்ச காலம் ஓட்டினார். வலியில்லாமல் ரத்தம் போவதுதான் இந்த நோய் பெரும்பாலும் காட்டும் முதல் அறிகுறி. அவரோ இளவயதிலிருந்தே சிகரெட். அப்புறம் ஸ்கேன், கேமரா விட்டுக் கட்டியைச் சுரண்டி எடுத்தது, பயாப்ஸி. கூடவே ஒரு ஜீன் டெஸ்ட், அதற்குத் தனியாக ஒரு பெரிய தொகை. ரிப்போர்ட்டைக் கொடுத்தவர்கள் விளக்கம் மட்டும் கொடுக்கவில்லை. பெரியம்மா அதை என்னிடம் நீட்டி, "இதைத்தானேடா இத்தனை வருஷம் படிச்சே, சொல்லு" என்றார்.

உண்மையிலேயே இதைத்தான் படித்தேன். டி24 என்ற சிறுநீர்ப்பைப் புற்றுநோய்ச் செல்களை வளர்த்துதான் என் பிஎச்.டி. டிஎன்ஏ-வில் ஒரே ஒரு எழுத்து மாறினாலே மனித மரபணு புற்று மரபணுவாகும் என்று 1982-ல் முதன்முதலாகத் தெரியவந்தது இந்தச் செல்களில்தான். ஹெச்ராஸ் என்ற புரதத்தின் 12-ஆம் இடத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் வாலின், அவ்வளவுதான். (அதைப் படித்த காலத்தில் ஸ்டைபண்ட் மாதக் கணக்கில் வராது. கேட்டால் "ஃபைல் மேலே போயிருக்கு". வாடகைக்கு அப்பாவிடம் கை நீட்டியதை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. அது கிடக்கட்டும்.)

எஃப்ஜிஎஃப்ஆர்3 மரபணு உருவாக்குவது செல்லின் மேல்பரப்பில் இருக்கும் ஓர் ஏற்பி, அதாவது வெளியிலிருந்து வரும் செய்தியை வாங்கும் புரதம். வளர்ச்சிக் காரணி வந்து ஒட்டினால் இரண்டு ஏற்பிகள் ஜோடி சேர்ந்து, ராஸ், ராஃப், மெக், எர்க் என்ற புரதங்கள் வழியாக உள்ளே செய்தியைக் கடத்தும், செல் பெருகும். அதிகம் காணப்படும் மாற்றத்தில் 249-ஆம் இடத்துச் செரின் சிஸ்டீனாகிறது. இரண்டு சிஸ்டீன்கள் கந்தகப் பிணைப்பால் கோத்துக்கொள்வதால், யாரும் வராமலே ஜோடி பிரியாமல் நிற்கிறது. காலிங் பெல் ஸ்விட்ச் உள்ளே சிக்கி விடாமல் அலறுகிற மாதிரி.

ஆனால் இப்படி வளர்பவை பெரும்பாலும் உட்சுவரிலேயே நிற்கும் லோ கிரேட் (வீரியம் குறைந்த) கட்டிகள். திரும்பத் திரும்ப முளைக்கும், தசைக்குள் இறங்குவது குறைவு. தசையைத் துளைக்கும் வகையில் டிபி53, ஆர்பி1 போன்ற காவல் மரபணுக்கள் பழுதாவதுதான் அதிகம். பெரியப்பாவுக்கு இருந்தது முதல் வகை.

டாக்டர்கள் யாராவது சண்டைக்கு வருமுன் நானே சொல்லிவிடுகிறேன்: இது எல்லாருக்கும் பொருந்தாது, நான் மருத்துவனும் இல்லை. எஃப்ஜிஎஃப்ஆர்3 மாற்றத்தோடு சிடிகேஎன்2ஏ என்ற இன்னொரு காவல் மரபணுவும் தொலைந்திருந்தால் கட்டி தசைக்குள் இறங்கும் அபாயம் கூடுகிறது. பரவிவிட்ட நோயில் இதே பாசிட்டிவ் ஒரு வழியையும் திறக்கிறது: இந்த ஏற்பியைத் தடுக்கும் எர்டாஃபிடினிப் மாத்திரைக்கு அமெரிக்காவில் 2019-ல் அனுமதி கிடைத்தது.

அதனால் ஜீன் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு பயாப்ஸி ரிப்போர்ட்டை எடுங்கள். ஸ்டேஜ் என்ன, கிரேட் என்ன, சுரண்டி எடுத்த துண்டில் தசை இருந்ததா என்று டாக்டரிடம் கேளுங்கள். தசையே வராத துண்டை வைத்து, தசைக்குள் போகவில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது.