பழங்குடிக் குழந்தைகளுக்குச் சொல்வளம் குறைவா?

"ஆஸ்திரேலியப் பழங்குடிக் குழந்தைகள் குறைந்த சொற்களோடுதான் பள்ளிக்கு வருகிறார்களாமே, வீட்டில் யாரும் பேச மாட்டார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பேச ஆளில்லாத வீட்டை நான் அங்கே பார்த்ததே இல்லை. நடு ஆஸ்திரேலியாவில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்ற ஊர்ப் பக்கம் ஆறு வருடம் ஆடியாலஜிஸ்டாக (கேட்கும் திறனைச் சோதிப்பவனாக) இருந்தவன், அதனால் காதிலிருந்து தொடங்குகிறேன்.

தொலைதூர ஊர்களில் நடுக்காதில் சீழ் கோத்துச் சவ்வில் ஓட்டை விழுவது சர்வசாதாரணம். பிறந்த சில மாதங்களிலேயே ஆரம்பித்துவிடும். நெரிசலான வீடு, பழுதான தண்ணீர்க் குழாய், சிகரெட் புகை எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை. 4 சதவீதக் குழந்தைகளுக்கு மேல் நாள்பட்டுக் காது வடிந்தாலே உடனடியாகக் கவனிக்க வேண்டிய நிலை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அங்கே பல ஊர்கள் அதை எப்போதோ தாண்டிவிட்டன.

குளத்தில் முங்கியபடி கரைப் பேச்சைக் கேட்டுப் பாருங்கள், அப்படித்தான் கேட்கும். அதுவும் ஒரு மாதம் சரியாக இருக்கும், அடுத்த மாதம் அடைத்துக்கொள்ளும். ஸ், ஃப் மாதிரி மெல்லிய ஒலிகள் காதில் விழவே விழாது. ஆங்கிலத்தில் கேட் (பூனை), கேட்ஸ் (பூனைகள்) இரண்டும் ஒன்றுதான். அந்தப் பக்கத்துப் பழங்குடி மொழியான வார்ல்பிரியில் இந்த ஒலிகளே கிடையாது. (நம் ட, ண, ள போல நாக்கை மடித்துச் சொல்லும் ஒலிகள் உண்டு. கேட்கச் சுகமாயிருக்கும்.) வீட்டில் பழகாத ஒலி பள்ளியிலும் காதில் ஏறவில்லை என்றால் ஆங்கிலச் சொல் எப்படி ஒட்டும்?

சரி, எந்த மொழிச் சொற்களை எண்ணுகிறோம்? ஒரு நாள் ஐந்து வயதுப் பெண் ஒருத்தியிடம் பட அட்டையை நீட்டி, இது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். வாயே திறக்கவில்லை. விடை தெரிந்தவரே கேள்வி கேட்பது அங்கே விசித்திரம். அரைமணி கழித்து அதே பெண் வெளியே மணலில் விரலால் கோடு போட்டு, கையால் சைகை காட்டி, தங்கைக்கு வார்ல்பிரியில் நீளமாகக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். அட்டைக் கணக்கில் அவளுக்குப் பூஜ்யம்.

பள்ளியும் கைகொடுக்கவில்லை. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் இருக்கும் வடக்குப் பிரதேசத்தில் 1970களில் தாய்மொழியோடு ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்கினார்கள். 2008இல் தினமும் பள்ளியின் முதல் நான்கு மணிநேரம் ஆங்கிலம் மட்டுமே என்று அரசு உத்தரவு போட்டது.

அந்தப் பெண்ணின் காதை மறுநாள் பார்த்தேன். இரண்டு பக்கமும் சீழ். முந்தின நாள் யாரும் பார்த்திருக்கவில்லை.