படப் புத்தகத்தை வாசித்துக் காட்டுதல்: கேள்வி பதில்

சிறு குழந்தைகளுக்குப் படப் புத்தகம் வாசித்துக் காட்டுவது குறித்து உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளுக்கு, நூலகத்தின் சிறுவர் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றிய உறுப்பினர் ஒருவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: அட்டை அழகாக இருக்கிறதே என்று வாங்கி வருகிறேன், வீட்டில் குழந்தை அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

பதில்: நடுவில் ஏதேனும் எதிரெதிர்ப் பக்கங்களைத் திறந்து, எழுத்தைக் கையால் மறைத்துப் படத்தை மட்டும் பாருங்கள், பிறகு படத்தை மறைத்து எழுத்தை மட்டும் படியுங்கள். இரண்டும் ஒன்றையே சொல்கின்றன என்றால், அந்தப் பக்கத்தில் குழந்தைக்கு வேலை எதுவும் இல்லை. ‘பூனையை எங்கும் காணவில்லை’ என்று எழுத்து சொல்ல, படத்தில் திரைச்சீலைக்கு அடியிலிருந்து வால்நுனி மட்டும் நீண்டிருந்தால், கதையில் வருபவர்களுக்குத் தெரியாதது தனக்குத் தெரிந்துவிட்ட பெருமையோடு குழந்தை விரலை நீட்டும். அத்தகைய இடைவெளி உள்ள புத்தகத்தை வாங்குங்கள்.

அடுத்து, ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். மூச்சு முட்டும் வாக்கியமும் நாக்கை இடறும் சொற்களும் கண்ணுக்குத் தெரியாது, வாய்க்குத்தான் தெரியும். படப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கங்களில் அமைகின்றன (அச்சுத்தாளை மடிக்கும் முறையால் வந்த கணக்கு அது). ஆகவே பக்கத்துக்கு நான்கைந்து வரிகள் இருந்தாலே, மூன்று வயதுக் குழந்தையின் பொறுமையை அவை சோதித்துவிடும். கடைசிப் பக்கத்தில் நீதியைத் தனியே அச்சிட்டிருக்கும் புத்தகத்தை நான் பெரும்பாலும் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவேன். இதை என் சொந்தப் பிடிவாதம் என்றே கொள்ளுங்கள்.

கேள்வி: ஆறு மாதக் குழந்தை புத்தகத்தைக் கடிக்க மட்டுமே செய்கிறது. இப்போதே வாசிப்பது வீண்தானே?

பதில்: வீணில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2014இல் வெளியிட்ட கொள்கை அறிக்கை, கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே வாசித்துக் காட்டுமாறு பெற்றோருக்கு எடுத்துச் சொல்லும்படி மருத்துவர்களைக் கேட்டுக்கொள்கிறது. கடிப்பதும் அந்த வயதில் ஒரு பொருளை அறிந்துகொள்ளும் வழியே என்பதால், தடித்த அட்டைப் பக்கங்களும் மழுங்கிய முனைகளும் உள்ள புத்தகமாகக் கொடுங்கள். பக்கத்துக்கு ஒரே உருவம், தெளிவான வெளிக்கோடு, வெறுமையான பின்னணி ஆகியவை போதும்.

கேள்வி: நான்கு வயது மகள் ஒவ்வோர் இரவும் ஒரே புத்தகத்தைக் கேட்கிறாள். எனக்குச் சலித்துவிட்டது, ஒளித்து வைத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். ஒரே கதைகளைத் திரும்பத் திரும்பக் கேட்ட மூன்று வயதுக் குழந்தைகள், அதே புதுச் சொற்களை அத்தனை முறையே வெவ்வேறு கதைகளில் கேட்ட குழந்தைகளைவிட, அவற்றை நன்றாகக் கற்றுக்கொண்டதாக 2011இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அடுத்து என்ன வரும் என்பது தெரிந்துவிட்டதால், கதையைப் பின்தொடரச் செலவான கவனம் சொற்களின் பக்கம் திரும்புகிறது என்று கருத இடமிருக்கிறது. உங்கள் சலிப்புக்கு ஒரு வழி உண்டு. வாக்கியத்தின் கடைசிச் சொல்லைச் சொல்லாமல் நிறுத்துங்கள். அவள் முடித்து வைப்பாள். சில நாட்களில் பக்கத்தைப் புரட்டுவது மட்டுமே உங்கள் வேலையாகிவிடும்.

கேள்வி: இடையிடையே கேள்வி கேட்க வேண்டும் என்கிறார்கள். நான் கேட்டால் மகன் எழுந்து போய்விடுகிறான்.

பதில்: நீங்கள் கேட்பது தேர்வுபோல ஒலிக்கிறதோ என்னவோ. ‘இது என்ன நிறம்?’ என்பதற்கு விடை உங்களுக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். மூன்று வயது நிரம்பாத சிறு குழந்தைகளின் பெற்றோருக்குப் படம் பார்த்து உரையாடும் முறையைக் கற்பித்து, ஒரு மாதம் வீட்டில் வாசிக்கச் செய்த ஆய்வொன்று 1988இல் வெளிவந்தது. அந்தக் குழந்தைகள் வழக்கமான முறையில் வாசித்துக் காட்டப்பட்ட குழந்தைகளைவிடப் பேச்சில் முன்னேறியிருந்தனர். குழந்தை சொன்னதை ஏற்று, ஒன்றிரண்டு சொற்களைக் கூட்டித் திருப்பிக் கொடுப்பது அந்த முறையின் முக்கியமான கூறு. அவன் ‘நாய்’ என்றால், ‘ஆமாம், நாய்தான். மழையில நனைஞ்ச நாய்’ என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள். அவன் ‘நனைஞ்ச நாய்’ என்றால் நல்லது. சொல்லாவிட்டால் பக்கத்தைப் புரட்டுங்கள். முதல் வாசிப்பில் கேள்வியே வேண்டாம், கதை தடையின்றி ஓடட்டும். காத்திருப்பதுதான் பெரியவர்களுக்கு மிகவும் கடினமாக இருக்கிறது. மனத்துக்குள் ஐந்துவரை எண்ணுங்கள்.

கேள்வி: புத்தகத்தில் எழுத்துநடை இருக்கிறது, வீட்டில் பேச்சுநடை. எதில் வாசிப்பது?

பதில்: இரண்டு வயதுக்குக் கீழ் இந்தக் கவலையே வேண்டாம்; படத்தைக் காட்டி வீட்டுப் பேச்சிலேயே சொல்லுங்கள். அதன்பிறகு, கதைசொல்லி கூறும் பகுதியை அச்சில் உள்ளபடியே படிப்பதுதான் சரி என்பது என் கருத்து. ‘சென்றான்’, ‘கூறினாள்’ போன்ற வடிவங்களைக் குழந்தை அன்றாடப் பேச்சில் கேட்பதில்லை. அவை காதுக்கு முன்பே பழகியிருந்தால், தானே எழுத்துக்கூட்டிப் படிக்கும் நாளில் எழுத்தோடு மட்டும் போராடினால் போதும், மொழியோடும் போராட வேண்டியதில்லை. புரியாத இடத்தில் வாக்கியத்தை முழுமையாகப் படித்துவிட்டு, ‘அவன் அங்கேயே நின்னுட்டான்’ என்று பேச்சில் ஒருமுறை சொல்லி மேலே செல்லுங்கள். பாத்திரங்கள் பேசும் வரிகளைப் பேச்சுநடைக்கு மாற்றினால் குரலுக்கு உயிர் வரும். ஆனால் ஒருநாள் மாற்றியதை மறுநாளும் அப்படியே படிக்க வேண்டியிருக்கும், குழந்தைகள் விடமாட்டார்கள்.

கேள்வி: ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படிக்கலாமா?

பதில்: எப்போதாவது செய்யலாம். குழந்தையின் கண் பெரும்பாலும் படத்தில்தான் இருக்கும், அது இயல்பு. தலைப்பிலும் பெரிதாக அச்சிட்ட ஒலிச்சொற்களிலும் விரல் வைத்தால் போதும்.

கேள்வி: பகலில் என் மகனைப் பார்த்துக்கொள்பவர் என் மாமியார். அவருக்குப் படிக்கத் தெரியாது. என்ன செய்வது?

பதில்: எழுத்தே இல்லாமல் படங்களாலேயே கதை நகரும் புத்தகங்கள் இருக்கின்றன, அவற்றை அவரிடம் கொடுங்கள். படிக்கத் தெரிந்தவர்கள் அச்சிட்ட வரியோடு நின்றுவிடும் இடத்தில், அவர் தம் போக்கில் கதையை விரித்துச் சொல்வார். நீங்கள் முன்கூட்டியே கதையைச் சொல்லிக் கொடுக்க வேண்டாம். இரவில் அதே புத்தகத்தை எடுத்து, பாட்டி என்ன கதை சொன்னார் என்று மகனிடமே கேளுங்கள்.