மலையில் நின்று நின்று போகும் பழைய வண்டிகள்: கேள்வி பதில்

வணக்கம். குன்னூரில் பழைய வண்டிகளைப் பிரித்து மாட்டுவதுதான் என் பிழைப்பு. கேள்வி அனுப்பியவர்களில் பாதிப் பேர், "வண்டி நின்று போகிறது, எதை மாற்றலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். எதையும் மாற்றுவதற்கு முன்னால் எனக்கு ஒன்று தெரிய வேண்டும்: எப்போது நிற்கிறது? குளிரிலா, சூட்டிலா, மழையிலா, ஏற்றத்திலா? அதைச் சொன்னவர்களின் கேள்விகளை முதலில் எடுத்திருக்கிறேன்.

ஊட்டி, அம்பாசடர் பெட்ரோல்: அண்ணா, வெயிலில் நன்றாக ஓடுகிறது. பனிமூட்டம் இறங்கினால் மிஸ் அடித்து நின்றுவிடுகிறது. காயில், பிளக் எல்லாம் புதுசு.

டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பையும் (காயில் தரும் உயர் வோல்டேஜை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் மூடி அது) பிளக் ஒயர்களையும் பாருங்கள் தம்பி. ராத்திரி, பனிமூட்டத்தோடு, எஞ்சினை ஓடவிட்டு பானெட்டைத் திறந்து, எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு ஒரு நிமிடம் நில்லுங்கள். ஒயர் மேலோ கேப் மேலோ நீலமாக ஏதாவது ஊர்ந்தால் கரண்ட் அங்கேதான் தப்பித்துப் போகிறது. கையால் தொட வேண்டாம், பலமாக அடிக்கும். கேப்பைக் கழற்றி உள்பக்கம் பார்த்தால் பென்சிலால் கிழித்த மாதிரி மெல்லிய கறுப்புக் கோடு தெரியும். கோடு இருந்தால் துடைத்துப் பயனில்லை, கேப்பை மாற்ற வேண்டும். வெறும் ஈரம் என்றால் உலர்ந்த துணி போதும். கேப் கழற்றிய கையோடு, அதற்கு அடியில் திறந்து மூடும் பாயின்ட்டின் இடைவெளியையும் பாருங்கள். கிட்டத்தட்ட 0.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும்.

கோத்தகிரி, மாருதி ஆம்னி: செல்ஃப் போட்டால் சில நேரம் 'டக்' என்ற சத்தம் மட்டும். ஹாரன் அடித்தால் ஹெட்லைட் மங்குகிறது. புது பேட்டரி போட்டும் அப்படியே இருக்கிறது.

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். நம் மலையில் கரண்ட் கோளாறு என்று வரும் பழைய வண்டிகளில் நான் முதலில் கை வைக்கும் இடம் எர்த். பேட்டரியின் நெகட்டிவிலிருந்து பாடிக்கும், பாடியிலிருந்து எஞ்சினுக்கும் போகும் பட்டை ஒயர் அது. வருடம் முழுக்க ஈரத்தில் இருந்து, போல்ட்டுக்கு அடியில் துருவும் பச்சையும் பிடித்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் இறுக்கமாகத்தான் தெரியும்.

ஒரு பத்மினி கார் வந்தது. வேறு இடத்தில் இரண்டு பேட்டரியும் ஒரு செல்ஃப் மோட்டாரும் மாற்றியிருந்தார்கள். நான் செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு சோக் கேபிளைத் தொட்டேன், சுட்டது. எஞ்சின் எர்த் அறுந்து கிடந்ததால் கரண்ட் அந்தச் சின்னக் கம்பி வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. ஒரு பட்டை ஒயர் மாற்றியதும் வண்டி சரியாகிவிட்டது. அந்தக் குடும்பம் வீணாகச் செலவழித்ததை நினைத்தால் இப்போதும் மனசு கேட்காது.

நீங்களே பார்க்கலாம். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை எஞ்சின் இரும்பிலும் வையுங்கள். ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. இரண்டு முனையையும் கழற்றி, இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். அதன் பிறகும் 'டக்' என்றால் செல்ஃபைப் பிரிக்கலாம்.

மேட்டுப்பாளையம், பத்மினி: மே மாதம் குன்னூர் ஏறும்போது பர்லியார் தாண்டினால் நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் விட்டால் தானாகக் கிளம்புகிறது.

இரண்டில் ஒன்று. எஞ்சின் சூட்டில் பம்பிலும் பைப்பிலும் இருக்கும் பெட்ரோல் ஆவியாகி, வழியை அடைத்து ஏர்லாக் ஆகலாம், அல்லது காயில் சூடேறி ஸ்பார்க் விடாமல் போகலாம். நின்ற உடனே பாருங்கள், ஆறிய பிறகு எதுவும் தெரியாது. ஒரு பிளக்கைக் கழற்றி, அதன் ஒயரை மாட்டி, எஞ்சின் இரும்பில் படும்படி வைத்து செல்ஃப் அடித்தால் ஸ்பார்க் தெரியும். எஞ்சின் சூட்டில் பெட்ரோல் ஆவி பக்கத்தில் இருக்கும், அதனால் பிளக்கைக் கார்பரேட்டரை விட்டுத் தள்ளியே வையுங்கள். ஸ்பார்க் இருந்தால் பெட்ரோல்தான் காரணம். பம்ப் மேல் ஈரத் துணி போட்டால் பத்து நிமிடத்தில் கிளம்பும். நிரந்தரமாகச் சரிசெய்ய, பைப்பை எக்ஸாஸ்டிலிருந்து விலக்கிக் கட்டுங்கள். ஸ்பார்க் இல்லை என்றால் காயிலையும், பாயின்ட்டோடு இருக்கும் கண்டன்சரையும் மாற்றுங்கள்.

கூடலூர், டீசல் ஜீப்: பச்சை இலை ஏற்றிப் போகும்போது கால் மணி நேரத்தில் அணைகிறது. எலக்ட்ரீஷியன் ஒயரிங் மாற்றச் சொல்கிறார்.

மாற்ற வேண்டாம். கேபிள் இழுத்து அணைக்கிற பழைய டீசல் எஞ்சின் கிளம்பிய பிறகு ஓடுவதற்குக் கரண்டே தேவையில்லை. அடுத்த முறை நின்றதும் டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போனால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. இல்லையென்றால் ஃபில்டர் அடைப்பு, அல்லது டேங்கிலிருந்து பம்ப்வரை எங்கோ ஏர் இழுக்கிறது. அந்த வழியில் கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூப் ஒரு துண்டு மாட்டினால் குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும்.

ஊட்டி, மாருதி 800: கோவையில் டியூனிங் செய்தேன். இங்கே வந்ததும் சிக்னலில் அணைகிறது, பிளக் கரியாக இருக்கிறது.

கோவை 400 மீட்டர் சொச்சம், ஊட்டி 2,240 மீட்டர். இங்கே காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்பரேட்டர் விடும் பெட்ரோல் அதே கணக்கில் குறைவதில்லை, அதனால் கரி பிடிக்கிறது. ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்து, இங்கேயே, எஞ்சின் சூடான பிறகு, ஸ்லோ ஸ்பீடையும் (ஆக்ஸிலேட்டர் மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) மிக்ஸரையும் (காற்றும் பெட்ரோலும் கலக்கும் அளவு) சரியாக வைக்கச் சொல்லுங்கள்.

வெலிங்டன்: வண்டி ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி டைனமோவைச் சோதிக்கலாமா?

தயவுசெய்து கூடாது. வோல்டேஜ் எகிறி ஆல்டர்னேட்டர் டயோடு போய்விடும். மீட்டர் வையுங்கள்: எஞ்சின் நின்றிருக்கும்போது 12.6 வோல்ட், ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் வரை.

மசினகுடி: ஐயா, கல்லட்டி இறக்கத்தில் வண்டி அணைந்துவிட்டால் என்ன செய்வது?

நியூட்ரலுக்குப் போகாதீர்கள், கியரிலேயே விடுங்கள். பூஸ்டர் (எஞ்சின் உதவியால் பிரேக் மிதியை லேசாக்கும் பாகம்) உள்ள வண்டி என்றால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்கக் கூடாது. இரண்டு மூன்று மிதியிலேயே உதவி தீர்ந்து பெடல் கல் மாதிரி ஆகிவிடும். ஒரே மிதியாக அழுத்திப் பிடித்து, மலைப் பக்கமாக ஒதுங்கி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்த பிறகு பானெட்டைத் திறங்கள்.