தேவாங்கும் அந்துப்பூச்சியும்: ராத்திரி நடமாட்டம் பற்றிக் கேள்வி பதில்

கொடைக்கானல் மலையில் தாண்டிக்குடி பக்கம் காப்பித் தோட்டங்களில் ராத்திரி சுற்றுகிறவன் நான். குரங்குக்கு உறவான சின்ன விலங்கு தேவாங்கு; அதைப் பற்றியும் அந்துப்பூச்சி பற்றியும் நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முதலிலேயே ஒன்று: எதைப் பார்த்தாலும் வெள்ளை டார்ச்சைக் கண்ணில் அடிக்காதீர்கள்.

மலையடிவாரத்தில் ராத்திரி ஆரஞ்சாக மின்னியது தேவாங்கா, பூச்சியா?
தேவாங்குக்கும் பல அந்துப்பூச்சிகளுக்கும் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி விடும் அடுக்கு உண்டு. கிளையில் ஜோடியாக மின்னி மெதுவாக நகர்ந்தால் தேவாங்காக இருக்கலாம், மரநாயாகவும் இருக்கலாம். ஒற்றைப் பொட்டு என்றால் பூச்சியோ சிலந்தியோ.

அட்லஸ் அந்துப்பூச்சி தேவாங்கை விடப் பெரிதா?
விரித்த சிறகு 20 செ.மீ. தாண்டும். தேவாங்கின் தலையும் உடம்பும் சேர்த்தே 18 முதல் 26 செ.மீ.தான். எடையில் பூச்சி சில கிராம், தேவாங்கு ஏறக்குறைய கால் கிலோ.

தேவாங்கு வளர்க்கலாமா?
கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது உச்சப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது.

அவ்வளவு மெதுவாகப் போகும் தேவாங்கு பூச்சியை எப்படிப் பிடிக்கும்?
நல்ல கேள்வி. மெதுவாகப் போவதுதான் அதன் தந்திரம். பல அந்துப்பூச்சிகளுக்குக் காது உண்டு, வவ்வால் எழுப்பும் ஒலி கேட்டதும் சட்டென்று திசை மாறிக் கீழே விழுந்துவிடும். தேவாங்கு அப்படி ஒலி எழுப்பித் தேடுவதில்லை, கிளையோடு கிளையாக ஊர்ந்து வந்து கையால் லபக்கென்று பிடிக்கும், அங்கே அந்தக் காதால் என்ன பயன்? அட்லஸுக்கோ காதே இல்லை. வளர்ந்த பிறகு அதற்குச் சாப்பிட வாயும் கிடையாது, புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பில் ஒன்றிரண்டு வாரம் ஓட்டிவிட்டுப் போய்ச் சேரும். தேவாங்கோ நாற்றமடிக்கும் பூச்சியைக்கூட விடாமல் தின்னும்.

அட்லஸின் சிறகு நுனி பாம்புத் தலைதானே? பறவை பயப்படாதா?
இதற்கு மட்டும் நாலு பேர் சண்டை போட்டிருக்கிறீர்கள். நமக்குப் பாம்பாகத் தெரிவது பறவைக்கும் அப்படியே தெரிந்தாக வேண்டுமா என்ன? பாம்பு கட்சிக்காரர்கள் கோபித்தாலும் சரி, எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒருவர் படம் எடுத்து நிரூபிக்கிறாராம். ஐயா, ஃபிளாஷ் வேண்டாம்!

குட்டித் தேவாங்கு கிடைத்தால் வளர்க்கலாம்தானே?
மறுபடியுமா? வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

கொடைக்கானல் ஏரிக்கரையில் தேவாங்கு பார்க்கலாமா?
அந்தக் குளிரில் தேடாதீர்கள். கீழே இறங்கி, வறண்ட காடுகளைப் பாருங்கள். திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் கடவூர் சரணாலயமே 2022இல் அதற்காக அறிவித்ததுதான். போனால் டார்ச்சில் சிவப்புக் காகிதம் ஒட்டிக்கொள்ளுங்கள்.