கேரட்டுக்கு ஏன் கால் முளைக்கிறது?

கேள்வி: மதுரையிலிருந்து கோத்தகிரிக்குக் குடிவந்திருக்கிறோம். கத்தரிக்கு நாற்றுவிடுவதுபோல கேரட்டையும் ட்ரேயில் நாற்றுவிட்டு, பாத்தியில் நிறையச் சாணம் போட்டு நட்டேன். தழை அமோகமாக வந்தது. பிடுங்கினால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கால், மூன்று கால்! மண் சரியில்லையா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: மண்ணைத் திட்டாதீர்கள் அம்மா, நாற்றுவிட்டதுதான் வினை. விதை முளைத்ததும் கீழே இறங்குகிற ஆணிவேர்தான் பிற்பாடு பருத்துக் கேரட் ஆகிறது. பிடுங்கி நடும்போது அதன் நுனி ஒடிந்தாலோ மடங்கினாலோ கிளைத்துவிடும். கத்தரிக்கு வேர் கொஞ்சம் அறுந்தால் மோசமில்லை. அதன் வேரையா சமைக்கப் போகிறோம்?

சாணமும் கூட்டாளிதான். பச்சைச் சாணத்தின் தழைச்சத்தில் இலை கொழிக்கும், வேர் கவைக்கும். கையில் எடுத்தால் நாற்றமில்லாமல் உதிர்கிற மக்கிய தொழு உரம் போதும்.

இந்த முறை பாத்தியை ஒரு அடி ஆழம் கொத்தி, கல்லைப் பொறுக்கிவிட்டு, அரை அங்குல ஆழத்தில் கோடு கிழித்து விதையை நேராகத் தூவுங்கள். மலைக் குளிரில் முளைக்க இரண்டு வாரம்கூட ஆகும். காணோமே என்று கிளறிப் பார்க்கக் கூடாது. முளைத்தபின் செடிக்குச் செடி இரண்டு அங்குலம் விட்டு மற்றதைப் பிடுங்கிவிட வேண்டும். இங்கேதான் பலருக்கு மனசு வராது. வராவிட்டால் கிடைப்பது பென்சில் கேரட்.

கேள்வி: தண்ணீர் விட்டும் முட்டைக்கோஸ் மதியத்தில் வாடி, சாயங்காலம் நிமிர்கிறதே?
– வாசகர், ஊட்டி

பதில்: ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள். வேர் இஞ்சிக்கிழங்குபோல வீங்கியிருந்தால் அது வேர்முடிச்சு நோய். நம் மலை மண்ணின் புளிப்பு அதற்கு ரொம்பப் பிடிக்கும். மருந்தடித்துச் செடியைத் தேற்ற முடியாது. நோய்ச்செடியை உரக்குழியில் போடாமல் எரித்துவிடுங்கள். அந்த மண் ஒட்டிய மண்வெட்டியைக் கழுவாமல் அடுத்த பாத்திக்குக் கொண்டுபோகாதீர்கள். மண்ணைச் சோதித்துவிட்டு, புளிப்பைக் குறைக்கத் தேவையான அளவு டோலமைட் (ஒருவகைச் சுண்ணாம்புக்கல் தூள்) போடுங்கள். காலிஃபிளவர், நூக்கல், டர்னிப், முள்ளங்கி எல்லாம் அதே குடும்பம். சில வருஷம் அந்தப் பக்கமே வேண்டாம். பீன்ஸ் போடலாம். உருளை போடத் தோன்றும், ஆனால் சுண்ணாம்பு ஏறிய மண்ணில் அதன் தோல் சொரசொரப்பாகிவிடும்.

கேள்வி: டிசம்பரில் தக்காளி நடலாமா?
– வாசகி, கொடைக்கானல்

பதில்: வெட்டவெளியில் வேண்டாம், ஒரு ராத்திரி உறைபனி போதும், கருகிவிடும். ஆசை விடவில்லையென்றால் குச்சி நட்டு, பாலித்தீன் இலையில் படாமல் சாயங்காலமே மூடுங்கள். காலையில் வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள்.