கன்றின் குறைக்குத் தாய்ப்பசு மட்டுமா காரணம்?

கால்நடை வளர்ப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கொருக்குப்பேட்டையில் மூன்று கலப்பினப் பசுக்களை வைத்துப் பால் வியாபாரம் செய்து வருகிறேன். அவற்றில் ஒரு ஹோல்ஸ்டீன் கலப்புப் பசு, சென்ற ஆண்டும் இந்த ஆண்டும் சினை ஊசியால் சினையாகித் திடமான கன்றுகளையே ஈன்றது. ஆனால் இரண்டு கன்றுகளும் மூன்றாம் நாள் பால் குடிப்பதை நிறுத்தி, தலையைச் சுவரில் முட்டியபடியே நின்று, ஒரு வாரத்துக்குள் இறந்துவிட்டன. பரிசோதனை எதுவும் செய்யவில்லை. ராசியில்லாத மாடு, விற்றுவிடு என்கிறார்கள் வீட்டில். என்ன செய்யலாம்?

பதில்: இப்போது விற்க வேண்டாம். பழியைப் பசுவின் மேல் மட்டும் போடவும் வேண்டாம்.

நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள், ஹோல்ஸ்டீன் இனத்தில் அறியப்பட்ட சிட்ருலினீமியா என்னும் பரம்பரைக் குறைபாட்டோடு ஒத்துப்போகின்றன. உடலில் உண்டாகும் அம்மோனியாவை யூரியாவாக மாற்றி வெளியேற்றுவதற்கு வேண்டிய நொதிகளில் ஒன்று இந்தக் கன்றுகளுக்கு இருப்பதில்லை. கருவில் இருக்கும் வரை அந்த வேலையைத் தாயின் உடலே செய்துவிடுவதால் கன்று குறையின்றிப் பிறந்து, எழுந்து நின்று, சீம்பாலும் குடிக்கிறது. அதன் பிறகு அம்மோனியா இரத்தத்தில் ஏறி மூளையைத் தாக்க, கன்று சோர்ந்து, பார்வை மங்கி, தலையைச் சுவரில் அழுத்தி நிற்கிறது.

ஆயினும் தொப்புள்கொடி வழியாகப் புகும் கிருமிகள் மூளை உறையைத் தாக்கினாலும் கன்று ஏறக்குறைய இப்படித்தான் நிற்கும். கொட்டகைத் தரை ஈரமாகவே கிடக்கிறதா, கன்று விழுந்தவுடன் தொப்புளுக்கு அயோடின் தடவினீர்களா என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

ஒவ்வொரு மரபணுவும் கன்றுக்குத் தாயிடமிருந்து ஒன்றும் காளையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பிரதிகளாக வருகிறது. இத்தகைய குறைபாடுகளில் ஒரு பிரதி பழுதாக இருந்தாலும் மற்றொன்று வேலையைப் பார்த்துக்கொள்வதால், பழுதைச் சுமக்கும் பசு ஆயுள் முழுதும் நன்றாகக் கறக்கும். சுமக்கும் பசுவும் சுமக்கும் காளையும் சேர்ந்தால்தான், ஒவ்வோர் ஈற்றிலும் நான்கில் ஒரு வாய்ப்பில் கன்று நோயோடு பிறக்கிறது. அடுத்தடுத்து இரண்டு கன்றுகள் அப்படிப் பிறக்கப் பதினாறில் ஒரு வாய்ப்புத்தான். அதுவும் இரண்டு முறையும் சுமக்கும் காளையே வாய்த்திருந்தால்தான். ஆகவே தொற்று இல்லை என்று உறுதியாகும் வரை மரபணுவின் மேல் மட்டும் சந்தேகத்தை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒரே காளையின் விந்து பல்லாயிரம் பசுக்களுக்குப் போவதுதான் இதில் பெரிய ஆபத்து. லின்மாக் கிரிஸ் கிங் என்ற அமெரிக்கக் காளையின் விந்து வழியாகத்தான் சிட்ருலினீமியா ஆஸ்திரேலிய மந்தைகளில் பரவியது. எதிர்ப்பாற்றலைக் குலைக்கும் பிளாட் என்ற குறைபாடு, 1952இல் பிறந்த ஆஸ்போர்ன்டேல் ஐவன்ஹோ என்ற காளையின் வழியில் பரவியது. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பரிசோதித்த ஹோல்ஸ்டீன் காளைகளில் ஏறத்தாழ 14 விழுக்காடு அதைச் சுமந்துகொண்டிருந்தன. நம் நாட்டில் உறைவிந்து நிலையங்களுக்கான மத்திய அரசின் குறைந்தபட்சத் தர விதிமுறைகள், இவ்விரண்டையும் உள்ளடக்கிய சில பரம்பரைக் குறைபாடுகளுக்குக் காளைகளைப் பரிசோதிக்கச் சொல்கின்றன. எங்கிருந்து வந்தது என்றே தெரியாத விந்துக் குச்சியை மறுக்க உங்களுக்கு இதுவே போதுமான காரணம்.

ஊசி போட்டு முடித்ததும் காலியான குச்சியை எறிய விடாதீர்கள். கால் மில்லி கொள்ளும் அந்த மெல்லிய குழாயின் மேல் காளை எண், இனம், நிலையம், விந்து சேகரித்த தேதி ஆகியவை பொடி எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். ஒரு நோட்டில் பசுவின் காதுத் தோட்டில் உள்ள 12 இலக்க எண்ணை எழுதி, அதன் கீழே குச்சியைச் செலோடேப்பால் ஒட்டி, தேதியைப் போட்டு வையுங்கள். முந்தைய இரண்டு ஊசிகளும் எந்தக் காளையுடையவை என்று ஊசி போட்டவரிடம் உடனே கேளுங்கள். இரண்டும் ஒரே எண்ணாக இருந்தால் அந்தக் காளையை இனித் தவிர்த்துவிட்டு, நிலையத்துக்கும் தெரியப்படுத்துங்கள்.

பழுதைச் சுமக்கிறதா என்பதைப் பசுவின் இரத்தத்திலிருந்தோ, வேரோடு பிடுங்கிய வால் மயிரிலிருந்தோ டி.என்.ஏ. பரிசோதனையில் அறியலாம், இதற்கான வழியை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரியுங்கள். முடிவு வரும் வரை ஜெர்சிக் காளையின் விந்தைப் போடச் சொல்வேன்; இனம் மாறினால் அதே பழுது இரு பக்கமும் சந்திக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். அடுத்த கன்றும் தலையை முட்டி நின்றால், உயிரோடு இருக்கும்போதே இரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். பசு சுமப்பது உறுதியானாலும், பரிசோதனையில் தேறிய காளையோடு சேர்த்தால் நோயுள்ள கன்று பிறக்காது. கன்றுகளில் பாதி பழுதைச் சுமக்கலாம், அவ்வளவே. பிறகும் விற்பதானால் வாங்குபவரிடம் உண்மையைச் சொல்லியே விற்க வேண்டும். சொல்லாமல் விற்றால் நீங்கள் பட்ட துயரம் வேறொருவர் கொட்டகைக்குப் போய்விடும்.

கேள்வி: எங்கள் திருவொற்றியூர்த் தெருவில் உலவும் கோயில் காளையோடுதான் ஐந்து ஆண்டுகளாக எங்கள் பசுக்கள் சேர்கின்றன. செலவில்லை. தொடரலாமா?

பதில்: தொடர வேண்டாம். முதலாண்டில் பிறந்த கிடேரிகள் இப்போது அதே காளையிடம், அதாவது தங்கள் தகப்பனிடமே, சினையாகும் வயதைத் தாண்டிவிட்டன. அந்தக் காளை ஒரு பழுதைச் சுமந்தால் அதன் கிடேரிகளில் பாதி அதைச் சுமக்கும். அவை அதனிடமே சினையானால் எட்டில் ஒரு கன்று நோயோடு பிறக்கலாம். அந்த வயதுக் கிடேரிகளையாவது முதலில் கட்டிப்போட்டு வளர்த்து, பருவத்துக்கு வந்த அறிகுறி தெரிந்த அன்றே சினை ஊசிக்குச் சொல்லி அனுப்புங்கள்.